கரையானுக்கு ஒரு வக்காலத்து

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

நம் கல்லூரிப் பேச்சு மேடையில் கரையான் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. லஞ்சமா? அது சமுதாயத்தை அரிக்கும் கரையான்! வரதட்சணையா? அதுவும் கரையான்! சாதி, மது, சினிமா மோகம், அண்மைக்காலமாகக் கைப்பேசி, எல்லாமே கரையான்தான். சென்ற முத்தமிழ் விழாவில் பின் வரிசையில் அமர்ந்து விரல்விட்டு எண்ணினேன். பேசிய ஏழு பேரில் நால்வர் அந்த வாயில்லாப் பூச்சியை மேடைக்கு இழுத்துவந்து அடித்துவிட்டுப் போனார்கள். கைதட்டலும் நன்றாகவே கிடைத்தது.

நானும் அன்று கைதட்டியவன்தான். இன்று அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மரத்தை அழிக்கும் பூச்சிகள் பல உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று கரையான், எங்கள் பக்கம் ‘செல்’ என்பார்கள். மற்றொன்று மரத்தைத் துளைத்து மாவாக்கும் சிறு வண்டு. மரம் உளுத்துவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த வண்டின் வேலையைத்தான். ஆனால் பெயர் கெட்டுப்போனது கரையானுக்கு! இவ்விரண்டையும் ஒன்றென்று கருதிய அறியாமைக்கு எங்கள் வீடு 6,000 ரூபாய் விலை கொடுத்தது. ஆகவே இக்கட்டுரையை வெறும் பூச்சி ஆராய்ச்சி என்று எண்ணி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

காங்கயம் சாலைப் பக்கம் எங்களுக்கு இரண்டு அறை வீடு ஒன்று உண்டு. அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011-ஆம் ஆண்டு சனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை போயிற்று. அதன்பின் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்துக் கட்டிய வீடு அது. வாசல்காலுக்கு வைரம் பாய்ந்த மரம் வாங்க வசதியில்லை. மலிவாகக் கிடைத்த ஏதோ ஒரு நாட்டுமரத்தில் நிலை வைத்தார்கள். அதில் பாதிக்கு மேல் வெளிறு. அது என்ன மரம் என்று செய்த தச்சருக்கே இன்று நினைவில்லை.

சென்ற ஆண்டு கோடையில் நிலையின் அடியில் வெள்ளையாக மாவு கொட்ட ஆரம்பித்தது. அம்மா காலையில் கூட்டுவார். மாலையில் மறுபடியும் இருக்கும். ‘செல்லுப் புடிச்சிருச்சு’ என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மருந்தடிக்கும் ஆள் ஒருவர் வந்தார். நிலையைத் தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், வீட்டைச் சுற்றித் தரையில் துளைபோட்டு மண்ணுக்குள் மருந்து ஊற்றினார். ‘இனி அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லீங்க’ என்றார். சீட்டு எடுத்து வைத்திருந்த 6,000 ரூபாய் அவர் கைக்குப் போயிற்று. விலங்கியல் படிக்கும் நான், எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான், பக்கத்தில் நின்று துளைபோடும் எந்திரத்துக்கு மின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்!

பதினைந்து நாள் கழிந்தது. மாவு முன்போலவே கொட்டியது. “ஏன் கண்ணு, மருந்து ஊத்தியும் மாவு நிக்கலியே? நீ படிக்கிற படிப்புல இதைப் பத்தியெல்லாம் ஒண்ணும் வராதா?” என்று அம்மா கேட்டார். அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

அன்றிரவு டார்ச் விளக்குடன் நிலையருகே உட்கார்ந்தேன். செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணுக்காக எழுதியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். கரையான் என்றால் மண் தடம் இருக்க வேண்டும். அதன் உடல் மென்மையானது. காய்ந்த காற்று பட்டால் துவண்டுவிடும். வேலைக்காரக் கரையானுக்குக் கண்ணும் கிடையாது. ஆகையால் தரையிலிருந்து மரம் வரை மண்ணையும் எச்சிலையும் குழைத்துச் சுரங்கவழி ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் அது வரும். எங்கள் நிலையில் மண் தடம் ஒன்றுகூட இல்லை. கரையான் தின்ற மரத்தின் உள்ளே மண் அப்பியிருக்கும். அது மாவு கொட்டாது. எங்கள் மரத்திலோ குண்டூசித் தலையளவு வட்டத் துளைகள்; ஒவ்வொன்றிலிருந்தும் முகப்பவுடர்போல் மாவு. விரலால் தேய்த்தால் சொரசொரப்பே இல்லை. துளைகள் எல்லாம் வெளிறுப் பகுதியில் மட்டுமே. வைரம் இருந்த ஓரத்தில் ஒன்றுமில்லை. குற்றவாளி வண்டு. தண்டனை அனுபவித்தது, அங்கே இல்லாத கரையானும் எங்கள் வீட்டு மண்ணும்.

(கடற்கரைப் பகுதிகளில் மண் தொடர்பே இன்றி மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையானும் உண்டு. ஆனால் அது தள்ளுவது மாவல்ல; கசகசாவைப் போன்ற பருக்கைகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆறு பட்டைகள் தெரியும்.)

இந்த மாவுவண்டின் வகைக்கு லிக்டஸ் என்று பெயர். இதன் வாழ்க்கை எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். பனியன் நூலுக்குக் கஞ்சி கிடையாது, மெழுகு மட்டுமே. மரத்திலும் அப்படித்தான். வெளிறில் கஞ்சி, அதாவது மாவுச்சத்து உண்டு, வைரத்தில் இல்லை. தாய் வண்டு முதலில் மரத்தைக் கடித்துச் சுவை பார்க்கும். கஞ்சி இருக்கிறதென்று தெரிந்தால் மரத்தின் நுண்துளைக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே பிறந்து, உள்ளேயே வளர்ந்து, மாதக்கணக்கில் மரத்தை மாவாக்கிக்கொண்டே போகும். மரத்தின் நாரை, அதாவது செல்லுலோசைச் செரிக்கும் திறன் அதற்கு இல்லை. கஞ்சிக்காகவே இவ்வளவு மரத்தையும் அரைத்துத் தள்ளுகிறது! பிறகு கூட்டுப்புழுவாகி, வண்டாகி, துளையிட்டு வெளியேறுகிறது. நாம் பார்க்கும் துளை வண்டு உள்ளே போன வழியன்று. வெளியே வந்த வழி. நாம் பார்க்கும்போது வேலை முடிந்துபோயிருக்கும்.

மூங்கிலைத் துளைக்கும் வண்டுக்கும் இதே கஞ்சிப் பசிதான். அகத்தே வைரம் உடையது மரம், புறத்தே வைரம் உடையது புல் என்று தொல்காப்பியர் வகுத்தது நமக்குத் தெரியும். மூங்கில் புல்லினம் ஆகையால் வெளித்தோல் கெட்டி. வண்டு அதில் மோதாமல் வெட்டுவாய் வழியாகவும் உட்பக்கத்திலிருந்தும் புகுந்துவிடுகிறது. வெட்டிய மூங்கிலைக் குளத்தில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பிறகு கூடை முடைந்தார்களே நம் முன்னோர், ஏன்? தண்ணீரில் ஊறினால் கஞ்சி கரைந்துவிடும்; வண்டுக்கு உணவில்லை. அவர்கள் மாவுச்சத்து என்ற சொல்லை அறிந்தவர்கள் அல்லர், காரியம் அறிந்தவர்கள். இன்று நொய்யலில் மூங்கிலை ஊறப்போடச் சொன்னால் மூங்கிலுக்கு என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இனி நம் கட்சிக்காரரிடம் வருவோம்.

கரையானை வெள்ளை எறும்பு என்று ஆங்கிலேயர் அழைத்தனர். அது எறும்பே அன்று. கரப்பான் பூச்சியின் நெருங்கிய உறவு. நம் பாடக்குறிப்புகளில் இன்னும் ஐசாப்டெரா என்ற தனி வரிசையாகத்தான் எழுதுகிறோம். மரபணு ஆராய்ச்சியின் பயனாகக் கரையான் கரப்பான் குடும்பத்துக்குள்ளேயே அடங்கும் என்று 2007-ல் நிலைநாட்டினார்கள். எறும்பில் வேலைக்காரர்கள் எல்லாரும் பெண்கள்; கரையானில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே உழைக்கின்றன. அரசன் ஒருமுறை கூடிவிட்டு மடிவதில்லை. அரசியோடு ஆயுள் முழுதும் இருக்கிறது. வண்டின் தாயோ முட்டையிட்டதோடு சரி, பிள்ளை யாரென்றே அதற்குத் தெரியாது.

கரையான் மரத்தை எப்படிச் செரிக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. கிளீவ்லாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1920-களில் ஒரு காரியம் செய்தார். சிலவகைக் கரையான்களின் குடலில் வாழும் ஓரணு உயிர்களை மட்டும் கொன்றுவிட்டு மரத்தைத் தின்னக் கொடுத்தார். கரையான் வழக்கம்போல் தின்றது. தின்றபடியே பட்டினியால் செத்தது! செரித்துக் கொடுத்தவை அந்தக் குடியிருப்பாளர்கள்தாம்.

நம் பக்கத்தில் புற்றெழுப்பும் கரையான்கள் வேறொரு வழி கண்டவை. அவை விவசாயிகள். மென்று விழுங்கிய சருகையும் மரத்தையும் கழிவாக்கி, அதைப் புற்றினுள் தேன்கூடுபோல் அடுக்கி, அதன்மேல் ஒருவகைப் பூசணத்தை வளர்த்து உண்கின்றன. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளானை நம்மில் பலர் சுவைத்திருப்போம். அது அந்தத் தோட்டத்தின் விளைச்சலே. இதை உலகுக்கு முதன்முதல் எழுதிவைத்தவர் கோனிக் என்ற மருத்துவர். இலின்னேயசின் மாணவர், தரங்கம்பாடியில் பணியாற்றியவர். தஞ்சைப் பகுதிக் கரையான்களை ஆராய்ந்து 1779-ல் செர்மானிய மொழியில் வெளியிட்டார். நவீனக் கரையான் அறிவியலின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று தமிழ்நாட்டு மண்ணில் எழுதப்பட்டது!

அவருக்கும் வெகுகாலம் முன்பே அகநானூற்றுப் புலவர்கள் கரடி புற்றைத் தோண்டிக் ‘குரும்பி’யைத் தின்பதைப் பாடிவிட்டார்கள். குரும்பி என்றால் புற்றாஞ்சோறு என்று பொருள் தருகிறார்கள். சோறு! கரையானின் பூசணக் கூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த விஞ்ஞானி வைத்துவிட முடியும்? நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்களும் விலங்கியல் பேராசிரியர்களும் ஒரு மாலைப்பொழுது ஒன்றாக உட்கார்ந்தால் இப்படி எத்தனை வெளிவருமோ!

காட்டில் இவ்விரு பூச்சிகளையும் எதிரிகளாக வைத்துப் பார்ப்பதே பிழை. ஆனைமலையில் டாப்சிலிப் பக்கம் சென்று விழுந்துகிடக்கும் மரம் ஒன்றைப் பாருங்கள். முதலில் வருவது வண்டு. அது பட்டையைத் துளைக்கிறது. துளை வழியே நீரும் பூசணமும் இறங்குகின்றன. மரம் இளகியபின் தரையிலிருந்து கரையான் ஏறுகிறது. சில மழைக்காலங்களில் மரம் இருந்த இடத்தில் மண் இருக்கும். அந்த மண்ணில்தான் அடுத்த மரம் முளைக்க வேண்டும். தேக்கின் வைரத்தைக் கரையான் அவ்வளவு எளிதில் தொடாது. அதில் கரையானுக்கு ஒவ்வாத வேதிப்பொருள் உண்டு. ஆனால் அதே தேக்கின் வெளிறைத் தயங்காமல் தின்னும். ‘தேக்கு’ என்று சொல்லி வெளிறை விற்பவர்களைக் கரையான் ஏமாற விடுவதில்லை. நாம்தான் ஏமாறுகிறோம்.

“அப்படியானால் இரண்டும் ஒன்றுபோல நல்லவைதானே, ஏன் கரையானுக்கு மட்டும் வக்காலத்து?” என்று என் விடுதி நண்பர் கேட்டார். என் பதில் இது: நம்மூர்க் கரையான்கள் பெரும்பாலும் செத்ததைத் தின்பவை. கரும்புக் கரணையையும் யூகலிப்டஸ் கன்றையும் அவை அரிப்பதை நான் மறைக்கவில்லை. எங்கள் பாட்டன் காட்டிலும் அரித்திருக்கிறது. ஆனால் உயிரோடு நிற்கும் காட்டையே சாய்க்கும் ஆற்றல் வண்டுக்குத்தான் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசச் சால் காடுகளில் ஒருவகைக் கொம்புவண்டு பெருகி லட்சக்கணக்கான மரங்களைக் கொன்றது. பச்சைச் சால் மரத்துண்டுகளின் பட்டையை நசுக்கி வைத்து, அந்தச் சாற்றின் மணத்துக்கு வரும் வண்டுகளை ஆட்களை வைத்துப் பொறுக்கிக் கொன்றார்கள். நம் மாமரத்தைத் துளைத்துச் சாய்ப்பதும் வண்டின் புழுவே. கரையான் குற்றம் செய்தால் மண் தடம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வண்டு தடயமே வைப்பதில்லை. இங்கிலாந்தில் 1983-ல் ஒரு வீட்டு மரத்திலிருந்து பொன்வண்டு ஒன்று வெளிவந்தது. அது மரத்துக்குள் 47 ஆண்டு இருந்ததாகக் கணக்கிட்டார்கள். லஞ்சத்துக்கு உவமை தேடும் பேச்சாளர்கள் இனியாவது கவனிப்பார்களாக! மேலே வண்ணம் மின்ன, உள்ளே மாவாக.

திருப்பூர்க்காரர்களாகிய நமக்கு இதில் தொழில் சம்பந்தமும் உண்டு. பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோசு. ஆகவே தரையில் கிடக்கும் வேஸ்ட் மூட்டையைக் கரையான் தின்னும். லிக்டஸ் வண்டு சீண்டாது. குடோனில் மூட்டைகளைத் தரையில் படாமல் கட்டைமேல் அடுக்குவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? ஆனால் அந்தக் கட்டையே வண்டுக்கு வீடு. 1996-ல் நியூயார்க் நகரில் ஆசியக் கொம்புவண்டு நிழல்மரங்களைத் துளைப்பதைக் கண்டுபிடித்தார்கள். சீனாவிலிருந்து சரக்கோடு வந்த கட்டைகளில் ஏறிவந்தது அது. எத்தனையோ ஆயிரம் மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் 2002-ல் உலக நாடுகள் கூடி ஒரு விதி செய்தன: சரக்கோடு கடல் கடக்கும் மரக்கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியசு வெப்பம் 30 நிமிடம் தொடர்ந்து ஏற வேண்டும், அல்லது விதியில் சொன்ன வேறு முறையில் பூச்சி கொல்லப்பட வேண்டும், அதற்கான முத்திரை கட்டையில் இருக்க வேண்டும். கதிர் படம் போட்ட அந்த முத்திரையை ஏற்றுமதிக் கம்பெனிகளின் பேலட்டுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். விடுமுறையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்தபோது நானும் நூறு முறை பார்த்திருக்கிறேன். ஏதோ கம்பெனி சின்னம் என்று நினைத்திருந்தேன்!

வெளிநாட்டு மரங்களைக் காக்க அவ்வளவு நுட்பமாக மரத்தைச் சூடாக்கும் ஊரில், நம் வீட்டு நிலைக்கு மட்டும் பூச்சியின் பெயரைக்கூடக் கேளாமல் மண்ணில் நஞ்சை ஊற்றுகிறோம். எங்கள் அப்பா காலத்தில் கரையான் என்றாலே பி.எச்.சி. தூள். தானியக் குதிருக்கும் அதுவே, வீட்டு மூலைக்கும் அதுவே. 1997-ல் அதைத் தடை செய்துவிட்டார்கள். தூள் மாறியதே தவிர, பார்க்காமல் தூவும் பழக்கம் மாறவில்லை. மருந்து ஊற்றியவரை நான் திட்டப்போவதில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவே. மண்ணைச் சுற்றி மருந்து ஊற்றுவது கரையானுக்கு உரிய வைத்தியம்தான். மரத்துக்குள் பிறந்து மரத்துக்குள் வளரும் வண்டுக்கு அது என்ன செய்யும்? ஆனால் கல்லூரியில் இரண்டாண்டு இதைப் படித்துவிட்டு வாய்திறவாமல் நின்றவனை என்ன சொல்ல?

ஆகவே துறைத்தலைவர் அவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பூச்சிப் பெட்டி தயாரிக்க ஆண்டுதோறும் வண்ணத்துப்பூச்சிகளைத் துரத்துகிறோம். அதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, நம்மில் ஒவ்வொருவரும் அவரவர் தெருவில் பத்து வீட்டு நிலைகளைப் பார்த்து எழுதிவந்தால் என்ன? செலவு அதிகமில்லை. ஒரு டார்ச், ஒரு கறுப்புத் தாள், ஒரு பென்சில். மண் தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். துளை இருந்தால் பென்சிலால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, கீழே கறுப்புத் தாளை விரித்து, சில வாரம் கழித்து மறுபடியும் போக வேண்டும். வட்டமில்லாத புதுத் துளை வந்திருந்தால் பூச்சி உயிரோடிருக்கிறது. இல்லையேல் என்றோ போய்விட்ட வண்டுக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்று அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு வரலாம். மருந்தாளுக்கு முன்னால் நாம் போய்ச் சேர்ந்தால் போதும். நம் நூலகத்தின் கடைசி அலமாரியிலிருந்தே தொடங்கலாம். அங்கே இரண்டு தரப்பும் இருக்கின்றன.

எங்கள் நிலையைப் பிடுங்கி மாற்ற இப்போதைக்குக் கையில் பணமில்லை. வெண்காரத்தை வெந்நீரில் கரைத்துத் துளைகளிலும் வெளிறிலும் மூன்றுமுறை பூசினேன். காய்ந்தபின் வார்னிஷ் அடித்து அடைத்தோம். வழவழப்பான பூச்சின்மேல் தாய் வண்டு முட்டையிட இடம் கிடைக்காது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுக்களை இது முழுவதும் கொல்லாது என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்பா உட்காரும் முக்காலியிலும் மாவு கண்டோம். அதைக் கறுப்புத் தார்ப்பாயில் சுற்றிச் சித்திரை வெயிலில் தகரக் கூரைமேல் ஒரு வாரம் போட்டுவைத்தேன். “படிச்ச பையன் முக்காலியக் காயப்போடறான்” என்று தெருவில் சிரித்தார்கள்.

முக்காலியில் அதன்பின் மாவு இல்லை. நிலையில் 41 வட்டங்கள் போட்டிருந்தேன். ஆடி முடிய இரண்டு புதுத் துளைகள் வந்தன. ஆவணியில் ஒன்று. அம்மா அதைத் தாமே கண்டுபிடித்து, என் பென்சிலை எடுத்து வட்டமிட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவைத்திருந்தார்.